மேல்நிலைப் பள்ளிப் பெண்களுக்கு வழிகாட்டல் திட்டம்: ஒரு பள்ளியிலிருந்து மாவட்டம் வரை எப்படி வளர்ப்பது?

கேள்வி, ஜூன் 3, 2025

தருமபுரி மாவட்டத்துக்காரன், பெங்களூரில் வேலை. நண்பர்கள் சிலர் சேர்ந்து எங்கள் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 9 முதல் 12 வரை படிக்கும் பெண் பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்பு வழிகாட்டல் தொடங்கப் போகிறோம். இந்த ஆண்டு ஒரு பள்ளி, அடுத்த ஆண்டு பத்து, ஐந்தாம் ஆண்டில் மாவட்டம் முழுக்க என்பது கணக்கு. மாதம் ஒரு சாதனைப் பெண்ணை அழைத்து வந்து பேச வைக்கலாம் என்று இருக்கிறோம். யாரை அழைக்கலாம், எப்படி வேகமாக வளர்க்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில், ஜூன் 3, இரவு

பேச்சாளர் பட்டியலை ஓரமாக வையுங்கள் தம்பி. அந்த ஊரில் அந்தப் பள்ளியில் படித்து முடித்து, இப்போது 19, 20 வயதில் இருக்கும் பெண்கள் யார் யார் என்று பட்டியல் போடுங்கள். உங்கள் திட்டம் வளர்வதும் நிற்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

நான் கணக்கு டீச்சர். பணிக்காலத்தில் பெரும்பகுதி இதே மாவட்டத்தில், மலையடிவாரப் பள்ளிகளில். ஓய்வுக்குப் பிறகு பழைய மாணவிகளோடு சேர்ந்து சனிக்கிழமைகளில் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். ஒருமுறை பெரிய பதவியில் இருக்கும் ஒரு பெண்மணி எங்கள் பள்ளிக்கு வந்து பேசினார். மிக நல்ல பேச்சு. பிள்ளைகள் கைதட்டினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் வகுப்பில் கேட்டேன், அவர் சொன்னதில் உனக்கு எது உதவும் என்று. ஒரு பெண் எழுந்து, "நல்லா பேசினாங்க மிஸ். ஆனா அவங்க அப்பா டாக்டராமே" என்றாள்.

சில மாதம் கழித்து, நர்சிங் படித்துக்கொண்டிருந்த எங்கள் பழைய மாணவி ஒருத்தி டி.சி. நகல் வாங்க வந்தாள். சும்மா ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போ என்று பன்னிரண்டாம் வகுப்பில் விட்டேன். பிள்ளைகள் அவளை மதியம் வரை விடவில்லை. கவுன்சலிங்குக்கு எந்த பஸ்ஸில் போனாய், ஹாஸ்டலில் யார் கூட இருந்தார்கள், சாப்பாடு எப்படி, அப்பாவிடம் முதலில் யார் பேசினது, வீட்டில் இடம் பார்க்க ஆரம்பித்தபோது என்ன சொல்லி நிறுத்தினாய். கேட்டது எல்லாம் இப்படிப்பட்ட கேள்விகள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்திருந்தது, ஏனென்றால் எல்லாம் அவளே கடந்து வந்தது.

ஜூன் 4

காலையில் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள், இப்படிப் பழைய மாணவிகளை வைத்துப் பெரிதாக வளர்ந்த திட்டம் எங்காவது உண்டா என்று. உண்டு. ஆப்பிரிக்காவில் கேம்ஃபெட் என்ற பெண்கல்வி அமைப்பு. அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், நீங்கள் திட்டமிடும் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

1991இல் ஆன் காட்டன் என்ற பிரிட்டன்காரப் பெண் ஜிம்பாப்வேயில் மோலா என்ற ஊருக்கு ஆய்வுக்காகப் போனார். கரிபா அணை கட்டியபோது ஜாம்பேசி ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட டோங்கா மக்கள் வாழும் வறண்ட பகுதி அது. பெண் பிள்ளைகள் ஏன் உயர்நிலைப் பள்ளிக்கு வருவதில்லை என்ற கேள்விக்கு, அவர்கள் பழக்கவழக்கம் அப்படி என்பதுதான் அன்றைக்கு எல்லோரும் சொன்ன பதில். பெற்றோரோடு உட்கார்ந்து பேசியபோது வந்த பதில் வேறு: காசு இல்லை. ஒரு பிள்ளைக்குத்தான் கட்டணம் கட்ட முடியும் என்றால், பின்னால் சம்பள வேலை கிடைக்க வாய்ப்புள்ள பையனுக்குக் கட்டுகிறோம். வீட்டிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் நடந்து வந்து, பள்ளிக்குப் பக்கத்தில் தாங்களாகவே தங்கிச் சமைத்துப் படித்துக்கொண்டிருந்த அக்கா தங்கை இருவரை அவர் அங்கே பார்த்தார். ஊர் திரும்பி, கேம்பிரிட்ஜ் சந்தையில் கேக் விற்றுப் பணம் சேர்த்தார். 1993இல் 32 பெண்களின் படிப்புச் செலவை ஏற்றதுதான் கேம்ஃபெட்டின் தொடக்கம்.

இதில் கவனிக்க வேண்டியது, தொடக்கத்தில் 'தலைமைப் பண்பு' என்ற பேச்சே இல்லை. கட்டணம், சீருடை, செருப்பு, நாப்கின், தங்க இடம். அவ்வளவுதான். 1998இல், படித்து வெளியே வந்த பெண்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். அந்தச் சங்கம்தான் கதையையே மாற்றியது. படித்து முடித்த பெண் ஊரில் தனியாக நின்றால் அடுத்த ஆண்டே கல்யாணம். நாலு பேர் கூடினால் ஒருத்திக்குச் சின்னக் கடை, இன்னொருத்திக்கு ஆசிரியர் பயிற்சி என்று வழி பிறக்கிறது. அதோடு, பள்ளியில் இருக்கும் அடுத்த பிள்ளைக்கு நோட்டு வாங்கிக் கொடுப்பது யாரும் சொல்லாமலே தொடங்கிவிட்டது.

நாடுகள் விரிந்த வேகத்தைப் பாருங்கள். ஜிம்பாப்வே 1993, கானா 1998, ஜாம்பியா 2001, டான்சானியா 2005, மலாவி 2009. ஐந்து நாடுகளுக்குப் போக பதினாறு ஆண்டு. இன்று பள்ளிக்குள் நடக்கும் வழிகாட்டல் திட்டம் பெரிய அளவில் உருவெடுத்தது அதற்கும் பிறகு, 2013 வாக்கில். அதாவது முதல் 32 பெண்களுக்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டு. வழிகாட்டிகளாக வந்தவர்கள் அதே திட்டத்தில் படித்து முடித்த பெண்கள். தங்கள் ஊர்ப் பள்ளிக்கே திரும்பிப் போய் வாரம் ஒரு முறை வகுப்பு எடுப்பார்கள். பாடம் இல்லை, தன்னை எப்படி மதிப்பது, குறிக்கோள் எப்படி வைப்பது, எப்படிப் படிப்பது, தொந்தரவு வந்தால் யாரிடம் போவது. பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளையின் வீட்டுக்கு நேரே போய்ப் பேசுவதும் அவர்கள் வேலை.

முதல் 32 பேரில் ஒருவர் ஏஞ்சலின் முரிமிர்வா. பின்னாளில் அவரே அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் ஆனார். 2020இல் லூசி லேக் என்பவரோடு சேர்த்து அவருக்குக் கல்விக்கான யிடான் பரிசு கொடுத்தார்கள், 2021இல் நிறுவனத்துக்கு ஹில்டன் மனிதநேயப் பரிசு கிடைத்தது. சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே ஏற்பாடு: நேற்று உதவி பெற்றவள் இன்று உதவுகிறாள்.

ஜூன் 4, மாலை

தம்பிக்கு ஒரு வார்த்தை. 'ஒன்று, பத்து, மாவட்டம்' என்ற கணக்கில் பத்து பள்ளிக்கு வழிகாட்டிகள் எங்கிருந்து வருவார்கள் என்று போட்டுப் பாருங்கள். முதல் பள்ளியில் இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை வெளியே வந்து, கல்லூரியில் ஒரு வருடம் ஓடி, திரும்பிப் பார்க்கும் நிலைக்கு வரவே மூன்று ஆண்டு ஆகும். அதற்கு முன்னால் பத்து பள்ளிக்குப் போனால் பெங்களூரிலிருந்து நீங்களும் நண்பர்களும்தான் வர வேண்டும். எத்தனை சனிக்கிழமை வருவீர்கள்?

ஜூன் 7

மேலே 'காசுதான் தடை' என்று எழுதியதை நம் ஊருக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பங்குதான் பொருந்தும்.

இங்கே அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணம் இல்லை. புத்தகம், சைக்கிள் கிடைக்கிறது, கீழ் வகுப்புகளில் சீருடையும் மதியச் சாப்பாடும். 2021 மே முதல் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணின் கணக்கில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அந்த ஆயிரம் ரூபாயை யாரும் லேசாக நினைக்க வேண்டாம். 'படிக்கப் போனால் செலவு' என்று இருந்த பேச்சு 'படிக்கப் போனால் பணம் வருது' என்று வீட்டுக்குள் மாறியதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

அப்படியும் பிள்ளைகள் நிற்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட் வாங்க வராத பெயர்களை விசாரித்தால் பாதி இடத்தில் கல்யாணம். பெங்களூர், திருப்பூர் வேலைக்கு அப்பா அம்மா போய்விட, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றவள் ஒருத்தி. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வர பஸ் இல்லாததால் நிறுத்தப்பட்டவள் ஒருத்தி. ஒரு பையன் பேசினான் என்று யாரோ சொன்னதால் நிறுத்தப்பட்டவள் இன்னொருத்தி.

டான்சானியாவிலும் இப்படித்தான். 2016இல் அங்கே உயர்நிலைப் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். சேர்க்கை கூடியது. ஆனால் கர்ப்பமான மாணவி பள்ளிக்குத் திரும்பக் கூடாது என்ற தடை 2021 நவம்பர் வரை அமலில் இருந்தது. கட்டணம் போனாலும் கதவு திறந்துவிடவில்லை. அரசு கட்டணத்தைப் பார்த்துக்கொண்ட இடத்தில் மிச்சம் இருப்பது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடமும் அப்பாவிடமும் பேசுகிற வேலை. வழிகாட்டியின் உண்மையான வேலையே அதுதான் என்பது என் எண்ணம். நீங்கள் பகிர்ந்த திட்ட அறிக்கையில் வீடு தேடிப் போவது பற்றி ஒரு வரி கூட இல்லை, சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 8

ஒருவர் கேட்டது: தலைமைப் பண்பு என்று பிள்ளைகளுக்கு என்னதான் சொல்லித் தருகிறீர்கள்?

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் முதல் மாதம் சொற்பொழிவு கிடையாது. பள்ளியில் ஒரு குறையை நீங்களே தேர்ந்தெடுங்கள், அதை யார் சரி செய்ய வேண்டும் என்று கண்டுபிடியுங்கள், அவரிடம் போய்க் கேளுங்கள். முதல் குழு தேர்ந்தெடுத்தது கழிவறைத் தாழ்ப்பாள். நேராக எச்.எம். அறைக்குப் போனார்கள். "தலைமைப் பண்பு வந்ததும் முதல் வேலையா என் கதவைத்தான் தட்டுவீங்களா?" என்று அவர் சிரித்தார். தாழ்ப்பாள் அந்த வாரமே வந்தது. அடுத்த குழு போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு மனு எழுதியது, மாலை பஸ்ஸை அரை மணி நேரம் தள்ளி விடச் சொல்லி. அது நடக்கப் பல மாதம் ஆனது. நினைவூட்டல் கடிதம், எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்தில் தீர்மானம், வார்டு உறுப்பினரிடம் ஒரு நடை, பிறகு மறுபடி மனு. ஒரு பெண் மனு எழுதப் பழகிவிட்டால் அவளுடைய கையெழுத்தே மாறிவிடுகிறது, கவனித்திருக்கிறேன். எழுத்து பெரிதாகிறது.

அப்புறம், கூட்டத்தை நடத்துவது, கணக்கு எழுதுவது, ஒத்துக்கொள்ளாதவளிடம் சண்டை போடாமல் பேசுவது. சுழற்சி முறையில் எல்லோரும் செய்ய வேண்டும். எப்போதும் முதல் பெஞ்ச் பெண்ணையே தலைவி ஆக்காதீர்கள். அவளுக்கு ஏற்கெனவே வாய்ப்பு இருக்கிறது.

ஜூன் 15

"இதெல்லாம் இளம்பெண்களிடம் இலவச உழைப்பு வாங்குவது ஆகாதா?" என்று ஒரு அம்மா கோபமாக எழுதியிருக்கிறார். நியாயமான கோபம். ஒரு வாரமாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் வந்துகொண்டிருந்த மிக நல்ல வழிகாட்டி ஒருத்தி கல்யாணத்துக்குப் பிறகு நின்றுவிட்டாள். மாமியார் கேட்ட கேள்வி: "சனிக்கிழமை சனிக்கிழமை போறியே, என்ன வருது?" அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த மாமியாரைத் திட்டுவது சுலபம். ஆனால் கேள்வியில் என்ன தப்பு? ஆசிரியருக்குச் சம்பளம் உண்டு, பயிற்சி கொடுக்க வருகிறவருக்குத் தொகை உண்டு, ஊர்ப் பெண்ணுக்கு மட்டும் 'சேவை மனப்பான்மை' போதுமா?

கேம்ஃபெட் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. வழிகாட்டியாக இருக்கும் பெண்ணுக்குச் சிறு தொழில் தொடங்க வட்டியில்லாக் கடன், கிவா என்ற இணையக் கடன் அமைப்பின் மூலம். வட்டிக்குப் பதிலாக அவள் பள்ளியில் செலவிடும் நேரத்தையே வட்டியாகக் கணக்கு வைக்கிறார்கள். அதோடு பியர்சன் நிறுவனத்தோடு சேர்ந்து பிடெக் (BTEC, நம் ஊர் பி.டெக். பட்டம் அல்ல) என்ற தொழிற்கல்விச் சான்றிதழ் கிடைக்கவும் ஏற்பாடு செய்தார்கள். அந்தச் சான்றிதழைக் காட்டி ஆசிரியர் பயிற்சியில் சேர முடிந்தவர்கள் உண்டு. ஆக அவள் வீட்டில் யாராவது 'என்ன வருது' என்று கேட்டால் காட்ட ஏதாவது இருக்கிறது.

நாங்கள் அதற்குப் பிறகு பஸ் செலவும் ஒரு சிறு தொகையும் மாதம் தவறாமல் கொடுக்கத் தொடங்கினோம், கையெழுத்து வாங்கி. தொகை சிறியதுதான். வீட்டில் மரியாதை மாறியது. உங்கள் பட்ஜெட்டில் பேச்சாளருக்கு வைத்திருக்கும் கார் வாடகை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாவற்றையும் கூட்டி இந்தப் பக்கம் மாற்றுங்கள்.

ஜூன் 15, சற்று நேரம் கழித்து

பொன்னாடை வேண்டாம் என்றதும் இரண்டு பேருக்கு வருத்தம். பிள்ளைகளுக்கு அந்தத் துணியில் நாப்கின் பை தைத்துக் கொடுக்கலாம், நாங்கள் செய்திருக்கிறோம்.

ஜூன் 22

ஓர் எச்சரிக்கை. 'முதலில் மூன்று மாதம் செய்து பார்ப்போம், சரி வந்தால் தொடர்வோம்' என்று தம்பி எழுதியிருக்கிறீர்கள். தனியாக ஒரு வழிகாட்டியை ஒரு பிள்ளையோடு இணைக்கிற திட்டத்தில் அது ஆபத்து.

அமெரிக்காவில் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்ற பழைய வழிகாட்டல் அமைப்பின் தரவுகளை வைத்து ஜீன் கிராஸ்மேனும் ஜீன் ரோட்ஸும் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு வருடமும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகளுக்கு அதிக நன்மை. மூன்று மாதத்துக்குள் அறுந்து போன இடங்களில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. எனக்கு இதைப் படித்தபோது வியப்பு வரவில்லை. ஏற்கெனவே வீட்டில் ஒருவர் விட்டுப் போன பிள்ளை, நம்பிப் பேச ஆரம்பித்த அக்காவும் சொல்லாமல் நின்றுவிட்டால் என்ன நினைக்கும்? தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைக்கும்.

ஆகவே ஒரு கல்வியாண்டு முழுக்க வர முடியாதவர்களைத் தனி வழிகாட்டியாகப் போடாதீர்கள். அவர்களுக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது: கவுன்சலிங் விண்ணப்பம் போட உதவுவது, உதவித்தொகைப் படிவம் பார்ப்பது, கல்லூரி கூட்டிப்போய்க் காட்டுவது.

ஜூன் 29

பிரபலமானவர்களை அழைப்பதை நான் முழுக்க மறுக்கிறேன் என்று சிலர் எடுத்துக்கொண்டீர்கள். இல்லை. பக்கத்தில் இருக்கும் முன்மாதிரி தொடர்ந்து கண்ணில் பட வேண்டும் என்கிறேன்.

இதற்கு நல்ல சான்று மேற்கு வங்கத்தில் இருக்கிறது. அங்கே 1993இல் வந்த சட்டப்படி கிராமத் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்குச் சுழற்சி முறையில் ஒதுக்கப்பட்டது. பீர்பூம் மாவட்டத்தில் 495 கிராமங்களில் லோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ, ரோகிணி பாண்டே, பெட்டியா டோபலோவா நால்வரும் ஆய்வு செய்து 2012இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். இரண்டு தேர்தல் காலம் தொடர்ந்து பெண் தலைவர் இருந்த கிராமங்களில், மகன் மகள் பற்றிப் பெற்றோர் வைத்திருந்த எதிர்பார்ப்பின் இடைவெளி 25 விழுக்காடு குறைந்தது. பிள்ளைகளின் சொந்த ஆசைகளில் இருந்த இடைவெளி 32 விழுக்காடு குறைந்தது. படிப்பில் ஆண் பெண் வித்தியாசமே மறைந்துவிட்டது. ஒரே ஒரு தடவை ஒதுக்கீடு வந்து போன இடங்களில் அந்த அளவு மாற்றம் இல்லை. காலம் வேண்டும்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. உங்கள் பள்ளியைச் சுற்றி எத்தனை பெண் ஊராட்சித் தலைவர்கள் பதவியில் இருந்திருப்பார்கள், எண்ணிப் பாருங்கள். 'எல்லாம் அவங்க வீட்டுக்காரர்தான் பார்க்கிறார்' என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். சில இடத்தில் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் அப்படித்தான் தொடங்கினார். இரண்டாம் ஆண்டில் குடிநீர்ப் பிரச்சினைக்குக் குடத்தோடு வந்த பெண்களிடம் அவரே பேச வேண்டி வந்தது. அதற்குப் பிறகு கணவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அவரைக் கூப்பிட்டு ஊராட்சிக் கணக்குப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொன்னோம். காட்டினார். எனக்கே புதிதாக இருந்தது.

ஜூலை 6

பாதுகாப்பு பற்றி யாரும் கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன், இதைத் தள்ளிப் போடக் கூடாது.

2024 ஆகஸ்டில் நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் என்று சொல்லி உள்ளே வந்தவரால் மாணவிக்கு நடந்த கொடுமை எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே மாதம் சென்னையில் அரசுப் பள்ளிகளில் ஊக்கப் பேச்சு என்று வந்தவர் முற்பிறவிப் பாவம் அது இது என்று பேசி, மாற்றுத்திறனாளி ஆசிரியர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்க வேண்டி வந்தது. வெளியிலிருந்து வருகிறவர் நல்லவராகத்தான் இருப்பார் என்ற நம்பிக்கையில் பள்ளிகள் இனி கதவைத் திறக்கக் கூடாது. நீங்களும் அதை எதிர்பார்க்காதீர்கள்.

தலைமையாசிரியரின் வாய்மொழிச் சம்மதம் போதாது, முதன்மைக் கல்வி அலுவலர் வரை எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்தக் கூட்டத்திலும் பள்ளியின் ஆசிரியை ஒருவர் உடன் இருக்க வேண்டும். இரவு தங்கும் முகாம் வேண்டவே வேண்டாம், குறைந்தது முதல் ஆண்டுகளில். பிள்ளைகளின் போட்டோவைப் பணம் திரட்டப் பயன்படுத்தாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417 இரண்டும் சுவரில் இருக்கட்டும், பிள்ளைகள் ஒருமுறை அழைத்துப் பார்த்துப் பழகட்டும். ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்ததைச் சொன்னால் யாரிடம் போக வேண்டும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் என்ன கட்டாயப்படுத்துகிறது என்பதை வழிகாட்டிகளுக்கு முதல் நாளே சொல்லுங்கள். 20 வயதுப் பெண் அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமக்கக் கூடாது.

கேம்ஃபெட்டில் இதற்கு ஊர் அளவில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். பள்ளி, கல்வி அதிகாரி, போலீஸ், சுகாதாரத்துறை, அம்மாக்கள் எல்லோரும் அதில் உண்டு. வழிகாட்டிக்குப் பின்னால் ஆள் இருக்கிறது.

ஜூலை 20

"அரசே இதை எடுத்து நடத்தினால் ஒரே ஆண்டில் மாநிலம் முழுக்க வந்துவிடுமே" என்பவருக்கு.

எனக்கும் அந்த ஆசை உண்டு. டான்சானியாவில் அந்த முயற்சி நடந்தது. அமெரிக்காவின் புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனத்தின் கல்விப் பிரிவு, வழிகாட்டித் திட்டத்தை அரசு அமைப்புக்குள் கொண்டுபோவது எப்படி என்று கேம்ஃபெட்டோடும் அங்குள்ள அதிகாரிகளோடும் உட்கார்ந்து சில ஆண்டு பார்த்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரியல் (REAL) என்ற கல்வி ஆய்வு மையம் செய்த ஆய்வில், திட்டம் நடந்த பள்ளிகளில் கணக்கும் ஆங்கிலமும் மேம்பட்டது தெரிந்தது, உதவிப் பணம் வாங்காத பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஆகவே அரசு எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது.

நம் ஊரில் இதற்கு இன்னும் நல்ல அடித்தளம் இருக்கிறது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் ஏறக்குறைய 2 லட்சம் தன்னார்வலர்கள் வேலை செய்தார்கள், மிகப் பெரும்பாலோர் பெண்கள், அதே தெருவில் குடியிருந்தவர்கள். அவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கப்பட்டது. எங்கள் ஊரில் ஒருத்தி வீட்டு வாசலில் பாய் விரித்து எண்ணும் எழுத்தும் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகளின் அம்மாக்கள் இன்றைக்கும் அவளிடம் வந்து என்ன குரூப் எடுக்கலாம் என்று கேட்கிறார்கள். உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்கு வழிகாட்டிகள் வேண்டும் என்றால் நான் முதலில் போய்க் கேட்பது இப்படிப்பட்டவர்களைத்தான்.

ஆனால் ஒரு கவலை விடவில்லை. சுற்றறிக்கையில் வரும் திட்டம் சுற்றறிக்கையில் போய்விடும். பதிவேற்றம் செய்ய வேண்டிய போட்டோ, நிரப்ப வேண்டிய படிவம் என்று வந்தவுடன் வீடு தேடிப் போகிற மணி நேரம்தான் முதலில் குறையும். அதனால் பணமும் அங்கீகாரமும் அரசிடமிருந்து வரட்டும், வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது பள்ளியின் பழைய மாணவிகள் சங்கத்திடம் இருக்கட்டும் என்பது என் விருப்பம். எஸ்.எம்.சி.யில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் ஆண்களே உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

ஆகஸ்ட் 10

தம்பி எழுதியிருப்பதைப் படித்து மிகவும் மகிழ்ச்சி. பத்து பள்ளியை விட்டுவிட்டு ஒரே பள்ளியில் மூன்று ஆண்டு என்று முடிவெடுத்ததும், பழைய மாணவிகளில் ஒருத்தி கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவள், ஒருத்தி பி.எஸ்சி. கணிதம் படிப்பவள், ஒருத்தி தையல் கடை வைத்திருப்பவள் என்று கண்டுபிடித்ததும் அருமை. தையல் கடைக்காரப் பெண் பன்னிரண்டாம் வகுப்பில் தோற்றவள், அவளைச் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். அவசியம் சேருங்கள். தோற்ற பிறகு எப்படி எழுந்து நின்றாள் என்று சொல்ல அவளைத் தவிர அங்கே யாரும் இல்லை. தோற்கப் போகும் பிள்ளைகளும் உங்கள் குழுவில் இருக்கிறார்கள்.

என்ன அளப்பது என்று கேட்டதற்கு: கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அறிக்கையில் முதல் வரியாகப் போடாதீர்கள். பத்தாம் வகுப்பிலிருந்து பதினொன்றுக்கு வராத பெயர்கள், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதாத பெயர்கள், தேர்வுக்குப் பின் கல்லூரி சேராத பெயர்கள். பெயர் பெயராக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் வீட்டுக்குப் போனது, என்ன நடந்தது. கடைசிப் பத்தியில், வழிகாட்டியாகத் திரும்பி வந்தவள் யார் என்று. அந்தப் பதிவேடு பள்ளியிலேயே பூட்டி இருக்க வேண்டும், உங்கள் மடிக்கணினியில் வேண்டாம்.

பையன்களைச் சேர்க்கலாமா என்பதற்கு, முதல் ஆண்டு வேண்டாம். பெண்கள் மட்டும் இருக்கும்போது பேசுகிற விஷயம் வேறு. இரண்டாம் ஆண்டில் மாதம் ஒரு கூட்டம் சேர்ந்து நடத்துங்கள், தலைமை பெண்கள் வசம் இருக்கும்படி.

காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது. இப்போது தொடங்கினால் இரண்டு வாரத்தில் நின்றுவிடும். தேர்வு விடுமுறை முடிந்த முதல் சனிக்கிழமையிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அனுமதிக் கடிதத்தையும் அந்த மூன்று பெண்களின் வீட்டில் பேசுவதையும் முடித்துவிடலாம். தையல் கடைக்காரப் பெண்ணின் வீட்டுக்கு நானும் வருகிறேன், அவள் அம்மாவை எனக்குத் தெரியும்.